மேசைக்கடியில் உருண்ட கட்டை

இரண்டு முறை புலி வருது என்று சொல்லியாகிவிட்டது. இரண்டு முறையும் புலி வரவில்லை. மூன்றாவது முறையாகச் சொல்லத்தான் யிங்-ரோங் அந்த மழையில் லாக்கெங் மலைக்கு ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனாள்.

அவளுடைய வேலையே அதுதான். எந்த மழைக்கு எந்த மலை சரியும், சரிந்தால் சேறும் பாறையும் எந்த வழியாக எவ்வளவு தூரம் வரும் என்று கணக்குப் போடுகிற வேலை. பல்கலைக்கழகத்தில் புரபசர் என்று பெயர். மலையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'சேத்துப் புரபசர்'. முந்தின வருஷம் ஒரு புயலுக்கு லாக்கெங்கின் மேல்வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொன்னாள். ஜனங்கள் கீழே பள்ளிக்கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக் கொசுக்கடி வாங்கிக்கொண்டு திரும்பிப் போனால், வீடு வைத்தது வைத்தபடி இருந்தது. போன வருஷமும் அதே கதை. கூடுதலாக யாரோ இரண்டு வாத்துகளைத் திருடிக்கொண்டு போயிருந்தார்கள். அந்தப் பாவமும் யிங்-ரோங் தலையிலேயே விடிந்தது.

கணக்கில் தப்பில்லை. மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் அவள் இரண்டு தடவையும் சொன்னாள். மூன்றில் ஒரு பங்கு நடக்கும் என்றால் இரண்டு பங்கு நடக்காது என்று அர்த்தம். இதை விளக்கினால் லாக்கெங்கில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "அப்ப நீங்களும் குத்துமதிப்பாத்தான் சொல்றீங்க." ஒரு வகையில் அது உண்மையும்கூட. அதனால்தான் அவளுக்கு அத்தனை எரிச்சல்.

ஆனால் இன்றைக்கு விஷயம் வேறு. புயல் காலையிலேயே தைவானின் கிழக்குக் கரையில் ஏறிவிட்டது. மலையில் நேற்றிலிருந்தே விடாத மழை. பாலத்தில் ஜீப்பை நிறுத்தி எட்டிப் பார்த்தாள். கரை தொட்டு ஓட வேண்டிய ஓடை, முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. பாறைகளின் ஈரத்தடம் மட்டும் மேலே தெரிந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போது ஓடை வற்றினால், மேலே எங்கேயோ மண்ணும் மரமும் விழுந்து தண்ணீரை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த அடைப்பு ராத்திரி முழுக்கத் தாங்காது. மூன்றில் ஒன்று என்ற பேச்சு போய், பத்துக்கு எட்டு என்று ஆகிவிட்டது.

ஜனங்களை ஏற்றிக்கொள்ள ஒரு லாரி பாலத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. போலீஸ் வரவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ரோடு சரிந்து அவர்கள் அங்கே மாட்டியிருந்தார்கள். யிங்-ரோங் மழைக்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேல்வரிசைக்குத் தனியாக ஏறினாள்.

மேல்வரிசையில் ஆறே வீடுகள். முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாவதும் பூட்டு. மூன்றாவது வீட்டு ஜன்னலில் பலகை அடித்திருந்தது. அவள் கைபேசியில் அனுப்பிய எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே கிளம்பிவிட்டார்களா? இருபது வருஷ வேலையில் அப்படி ஒரு அதிசயம் நடந்ததில்லை. ஐந்தாவது வீடும் பூட்டியிருந்ததைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கிவிட்டது. மலையில் ஏறிய களைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆறாவது வீட்டு வாசலில் ரப்பர் பூட்ஸுகள் குவியலாகக் கிடந்தன. உள்ளே விளக்கு எரிந்தது. நல்லெண்ணெயில் இஞ்சி வதக்கி, அரிசிச் சாராயம் ஊற்றிக் கோழி கொதிக்கிற வாசனை தெருவரைக்கும் வந்தது. மாஜோங் ஆட்டக் காய்களை மேசையில் கலைக்கிற சத்தம் கேட்டது. மேல்வரிசை மொத்தமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

அது பீ-ஷியாவின் வீடு. பீ-ஷியா இஞ்சி பயிரிடுகிறவள். புருஷன் இல்லை, பிள்ளைகள் பட்டணத்தில். அவள் வீட்டுக்குப் பின்னால்தான் மலையில் தண்ணீர் அறுத்த பெரிய வெட்டு வந்து முடிகிறது. யிங்-ரோங்கின் வரைபடத்தில் லாக்கெங் முழுவதற்கும் அடர்ந்த சிவப்பு எந்த வீட்டின்மேல் பூசியிருந்ததோ, ஊர் பயந்து ஓடிவந்து ஒதுங்கியிருந்தது சரியாக அந்த வீட்டில்.

"வாங்க புரபசரம்மா!" என்றார் திங்-வாங், கோயில் கமிட்டித் தலைவர். தொப்பையும் தொண்டையும் பெரிது. "நீங்க மட்டும் தனியாவா வந்தீங்க? புலி பின்னாடி வருதா?"

மாஜோங் மேசையைச் சுற்றிச் சிரிப்பு கிளம்பியது. யிங்-ரோங் வாசலிலேயே நின்றாள். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எல்லாரும் ஏன் இங்க இருக்கீங்க? வீட்டை விட்டுக் கெளம்பச் சொல்லி மெசேஜ் அனுப்பினேனே!"

"கெளம்பிட்டோமே. எங்க வீட்டுல நாங்க யாராவது இருக்கோமா, நீங்களே போய்ப் பாருங்க" என்றார் திங்-வாங். "சாமி இருக்கற வீட்டுக்கு வந்துட்டோம். இந்த மலையில இதைவிடப் பத்திரமான எடம் எதுங்கறேன்?"

சுவரோரம் உயரமான பூஜை மேசை. அதன்மேல் வெண்கலத் தூபச்சட்டி, நிறையச் சாம்பல், அதில் மூன்று ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருந்தன. லாக்கெங்கின் மண்சாமிக்குக் கோயிலில் சிலைதான் இருக்கும். சாமியின் உயிர் தூபச்சட்டியில். வருஷத்துக்கு ஒரு வீடு அதை வைத்துக்கொள்ளும். எந்த வீடு என்று சாமிதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குடும்பத்தின் பேரையும் சொல்லிப் பிறை வடிவ மரக்கட்டைகளைத் தரையில் போட்டுக் கேட்பார்கள். இந்த வருஷம் பீ-ஷியாவின் பேருக்குச் சாமி ஒன்பது தடவை விடாமல் சரி சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட வீட்டை எந்த மலை தொடும்?

யிங்-ரோங்குக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வந்தது. மூன்று வருஷமாக இந்த மலையின் மண்ணைத் தோண்டிப் பார்த்தாள், பாறையைத் தட்டிப் பார்த்தாள், மழையை அளந்தாள். பயம் வந்தால் இந்த ஜனங்கள் எங்கே ஓடுவார்கள் என்று ஒருத்தரிடம்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"ஓடையில தண்ணி எறங்கிடுச்சு. பாத்தீங்களா?" என்றாள்.

"நல்லதுதானே?" என்றது மாஜோங் மேசை.

"சமையக்கட்டுல குழாயை முழுசாத் தெறந்து விட்டிருக்கீங்கன்னு வச்சுக்குங்க. வெளியில சாக்கடைக்குத் தண்ணி போகல. நல்லதுன்னா சொல்லுவீங்க?"

காய்களைக் கலைக்கிற சத்தம் நின்றது. அடுப்பிலிருந்து பீ-ஷியா கரண்டியோடு வெளியே வந்தாள். ஒட்ட வெட்டிய தலைமயிர், இஞ்சி மண் ஏறிய நகங்கள்.

"உள்ள எங்கயோ அடைச்சிருக்குன்னு சொல்லுவோம்" என்றாள்.

"அதேதான். மேல அடைச்சிருக்கு. அது பிச்சுக்கிட்டு வந்தா மொதல்ல இந்த வீடு. இருட்டறதுக்குள்ள எறங்கணும். கீழ லாரி நிக்குது."

பீ-ஷியா பூஜை மேசையைப் பார்த்தாள். "எனக்குப் புரியுது புரபசரம்மா. இவங்களையெல்லாம் கூட்டிட்டுப் போங்க. நான் வரமுடியாது. காலையிலேயே கேட்டாச்சு. வேண்டாம்னுட்டாரு."

"அவளைத் தனியா விட்டுட்டு நாங்க போறதா?" என்றார் திங்-வாங். "சாமியையும் சாமி வச்சிருக்கறவளையும் விட்டுட்டு ஓடினான்னு நாளைக்கு ஊர்ல என் மூஞ்சியில காறித் துப்ப மாட்டாங்க?"

ஆக முடிச்சு அங்கே இருந்தது. பீ-ஷியா எழுந்தால் ஊர் எழுந்திருக்கும். சாமி சொன்னால் பீ-ஷியா எழுந்திருப்பாள். யிங்-ரோங் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். மலையேறியதில் முட்டி விண்விண் என்று தெறித்தது.

"சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"என்னன்னா?"

"எந்த வார்த்தை சொல்லிக் கேட்டீங்கன்னு கேக்கறேன்."

பீ-ஷியா யோசித்தாள். "'ஐயா, உங்களை விட்டுட்டு நான் கீழ போகட்டுமா'ன்னு கேட்டேன்."

"அப்படிக் கேட்டா யாருதான் போன்னு சொல்லுவாங்க? எங்க அம்மாவே சொல்ல மாட்டாங்களே."

மாஜோங் மேசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கேள்வி கோணினால் பதிலும் கோணும். அதை யிங்-ரோங் தன் மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொல்லித் தொண்டை வற்றியிருந்தாள். சாமிக்கு மட்டும் அது பொருந்தாமல் போகுமா?

"'நீங்களும் எங்ககூட வர்றீங்களா'ன்னு கேட்டுப் பாருங்க."

"அதெல்லாம் நெனச்சபோது கேக்கற விஷயமில்ல" என்று திங்-வாங் கையை ஆட்டினார். "வருஷம் முடியறதுக்கு முன்னாடி சட்டியை எடம் மாத்தணும்னா தொடர்ந்து மூணு தடவை சரி விழணும். எங்கப்பா காலத்துலருந்து யாரும் மாத்தினதில்ல."

இரண்டு பிறைக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. ஒன்று தட்டையாகவும் ஒன்று புடைப்பாகவும் விழுந்தால் சரி. இரண்டும் புடைப்பு மேலே வந்தால் கூடாது. இரண்டும் தட்டை மேலே வந்தால் சாமி சிரிக்கிறார், மறுபடி கேட்க வேண்டும். யிங்-ரோங்கின் மண்டை தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. ஒரு தடவை சரி விழப் பாதி வாய்ப்பு. தொடர்ந்து மூன்று தடவைக்கு எட்டில் ஒன்று. மலை பத்துக்கு எட்டு, சாமி எட்டுக்கு ஒன்று. இதைவிடக் கேவலமான கணக்கை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

பீ-ஷியா கையைக் கழுவிவிட்டு வந்தாள். மேசைக்கு முன் மண்டியிட்டு, கட்டைகளை நெற்றிக்கு நேரே பிடித்து முணுமுணுத்துவிட்டுப் போட்டாள்.

இரண்டும் தட்டை. தொட்டில் மாதிரி ஆடின.

"சிரிக்கிறாரு" என்றார் திங்-வாங். "மறுபடி கேளும்மா."

யிங்-ரோங்குக்கு அப்போதுதான் வாய் மீறிவிட்டது.

"சாமி சிரிச்சா மறுபடி கேக்கறீங்க. காலையில வேண்டாம்னாரு, சாயங்காலம் திரும்பக் கேக்கறீங்க. அவரை ஒருத்தரும் பொய்யர்னு சொல்லல. நான் ரெண்டே ரெண்டு தடவை சொன்னது நடக்கல, என்னைப் புலிங்கறீங்க, நரிங்கறீங்க, வாத்துத் திருடிங்கறீங்க!"

திங்-வாங் தொண்டையைச் செருமினார்.

"அவரு சாமிம்மா. நீங்க சம்பளம் வாங்கறீங்க."

முதலில் சிரித்தது யிங்-ரோங்தான். அடக்க முடியவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள், பீ-ஷியாவும் சிரித்துக்கொண்டே கட்டைகளை எடுத்தாள்.

அடுத்தது ஒன்று தட்டை, ஒன்று புடைப்பு. சரி. அதற்கடுத்ததும் சரி. மாஜோங் ஆடியவர்கள் எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். கணக்கு இப்போது பாதிக்குப் பாதி என்று வந்து நின்றது. யிங்-ரோங் எந்தச் சாமியையும் கும்பிடுகிறவள் இல்லை. அந்த நிமிஷம் கும்பிட்டாள், அதை மறைப்பானேன்.

பீ-ஷியா மூன்றாவது முறை போட்டாள். ஒரு கட்டை கண்முன்னே புடைப்பு மேலே தெரிய விழுந்தது. இன்னொன்று தரையில் பட்டுத் துள்ளி, பூஜை மேசைக்கடியில் உருண்டு இருட்டுக்குள் போய்விட்டது.

பீ-ஷியா குனிந்தாள். நின்றுகொண்டிருந்த யாருக்கும் அது தெரிய வழியில்லை. தரையில் உட்கார்ந்திருந்த யிங்-ரோங்குக்குத் தெரிந்தது. மேசைக்கால் பக்கத்தில் கிடந்த கட்டையும் புடைப்பு மேலேதான் இருந்தது. இரண்டும் புடைப்பு. கூடாது.

பீ-ஷியாவின் கை கட்டைக்கு மேலே அப்படியே நின்றது. வெளியே மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஓடையின் இரைச்சல் சுத்தமாக நின்றுபோயிருந்தது. அந்த வீட்டில் பிறந்து வளராவிட்டாலும் முப்பது வருஷம் அந்த இரைச்சலோடு தூங்கியவள் பீ-ஷியா. அவள் தலையைத் திருப்பி யிங்-ரோங்கைப் பார்த்தாள். யிங்-ரோங் வாயைத் திறக்கவில்லை. இருபது வருஷத்தில் ஒரு புள்ளிவிவரத்தைக்கூட அவள் தெரிந்து மறைத்ததில்லை.

பீ-ஷியா கட்டையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தட்டையா விழுந்திருக்கு. வர்றாராம்."

"நான் பாக்கலயே" என்றார் திங்-வாங்.

"குனிஞ்சிருந்தா பாத்திருக்கலாம் அண்ணே. அந்தத் தொப்பையை வச்சுக்கிட்டு நீங்க எங்க குனியறது?"

சிரிப்பில் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு எல்லாரையும் விரட்டியது திங்-வாங்தான். சாமி புறப்படுகிறார் என்றால் சும்மாவா? வெண்கலத் தாளத்தைத் தேடி எடுத்தார். பெரிய குடையைத் தூபச்சட்டிக்குப் பிடிக்க ஒரு ஆள், முன்னால் விளக்குப் பிடிக்க ஒரு ஆள். சாமியைப் பள்ளிக்கூடத்தில் கொசுக்கடியில் வைக்க முடியாது, கீழூரில் மாசூ அம்மன் கோயிலுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். யிங்-ரோங் மனசுக்குள் வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். அம்மன் கோயில் மேட்டில் இருந்தது, அங்கே எந்த நிறமும் இல்லை. தாராளமாகப் போகலாம் என்றாள். கோழிச் சட்டியைக்கூட விடவில்லை, கம்பில் மாட்டி இரண்டு பேர் தூக்கிக்கொண்டார்கள். பீ-ஷியா தூபச்சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். கடைசியாக யிங்-ரோங் வந்தாள், எந்த வீட்டிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டே.

அம்மன் கோயிலில் கோழியைச் சுடவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகாத நேரத்தில், மலை வந்தது. முதலில் கிண்ணங்கள் நடுங்கின. பிறகு ரயில் போகிற மாதிரி ஒரு சத்தம், போய்க்கொண்டே இருந்தது. பிறகு புதுமண் வாசனை. திங்-வாங் வாயில் வைத்த கோழித் துண்டை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

மறுநாள் மழை விட்ட பிறகு யிங்-ரோங்கும் சிலரும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஐந்து வீடுகள் நின்றன. முற்றத்தில் சேறு, ஒரு கோழிக்கூடு போயிருந்தது, அவ்வளவுதான். ஆறாவது வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. பூஜை மேசை இருந்த இடத்தில் ஜீப்பைவிடப் பெரிய பாறை உட்கார்ந்திருந்தது. யிங்-ரோங் அதைத் தொட்டுப் பார்த்தாள். மாஜோங் மேசை, அதைச் சுற்றி ஒன்பது பேர் என்று நினைத்ததும் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மன் கோயிலில் திங்-வாங் போவோர் வருவோரிடமெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "சாமிக்கு மொதல்லயே தெரியும். அவரா எந்திரிச்சுக் கெளம்பிட்டாரு. எங்களையும் இழுத்துக்கிட்டு வந்துட்டாரு."

"புரபசரம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவங்க லாரி கொண்டு வந்தாங்க" என்றார் அவர், பெரிய மனசோடு.

யிங்-ரோங் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி பின்பக்கம் போனாள். சமையல்கட்டுக்கு வெளியே குழாயடியில் பீ-ஷியா கோழிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே பளபளவென்று இருந்த சட்டியைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"நீங்க பாத்தீங்கல்ல?" என்றாள், நிமிராமல்.

"பாத்தேன்."

"அஞ்சு வீடு நிக்குது. பொய் சொன்னவ வீடு மட்டும் போச்சு."

உயிர் பிழைத்த ஜனங்களில் இப்படி ஒருத்தி நொந்துபோய்ச் சட்டி தேய்ப்பாள் என்று யிங்-ரோங்கின் எந்தக் கணக்கிலும் இல்லை. கைபேசியை எடுத்து வரைபடத்தைத் திறந்து, பீ-ஷியாவுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"இதைப் பாருங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. இது ஓடை. இது நீங்க இஞ்சி கழுவற எடம். இது உங்க வீடு. என்ன நெறம்?"

"சிவப்பு."

"பக்கத்து வீடு?"

"மஞ்சள்."

"அப்ப உங்க வீட்டுல தூபச்சட்டி கெடையாது. நீங்க பொய்யும் சொல்லல. அப்பவே சிவப்பு. தண்ணிக்கு எது பள்ளமோ அதுதான் வழி. யாரு பொய் சொன்னா, யாரு நெஜம் சொன்னான்னெல்லாம் மலை பாக்காது. உங்க வீடு போனது நீங்க சொன்ன வார்த்தையால இல்ல. நீங்க அந்த வார்த்தையைச் சொல்லாம இருந்திருந்தா வீட்டோட எல்லாரும் போயிருப்பீங்க."

பீ-ஷியா ஈரக்கையோடு கைபேசியை வாங்கி அந்தச் சிவப்பை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மூணு வருஷமா இது உங்ககிட்ட இருக்கா?"

"பள்ளிக்கூடச் சுவத்துல ஒட்டியிருந்தேனே."

"சுவத்துல ஒட்டினா யாரு பாக்கறது? என் வீட்டுக்கு வந்து உக்காந்து, ஒரு வாய் சாப்டுட்டு, இந்த மாதிரி விரல் வச்சுக் காட்டியிருக்கணும்."

"ஆமா" என்றாள் யிங்-ரோங். "வந்திருக்கணும். தப்புதான்."

பீ-ஷியா கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தாள்.

"நீங்க சொல்றது மனசுல ஏறுது. இருந்தாலும் அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடறேன். அவரை வச்சுல்ல பொய் சொன்னேன்."

உள்ளே அம்மனுக்குப் பக்கத்தில் லாக்கெங் தூபச்சட்டியை விருந்தாளி மாதிரி தனி மேசையில் வைத்திருந்தார்கள். பீ-ஷியா அம்மன் கோயில் கட்டைகளை எடுத்துக்கொண்டு மண்டியிட்டாள். யிங்-ரோங் பின்னால் நின்றதால் முணுமுணுப்பு அவளுக்கு மட்டும் கேட்டது.

"ஐயா, வரமாட்டேன்னு சொன்ன உங்களைப் பொய் சொல்லித் தூக்கிட்டு வந்துட்டேன். எம்மேல கோவமா?"

கட்டைகள் தரையில் விழுந்தன. இரண்டும் தட்டை மேலே. தொட்டில் மாதிரி ஆடி ஆடி நின்றன.

நாலில் ஒன்று என்று யிங்-ரோங்கின் மண்டை வழக்கப்படி சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

பீ-ஷியாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று யிங்-ரோங் கிட்டே போனாள். அழுகையும் இருந்தது, ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்-வாங் எங்கிருந்தோ வந்து எட்டிப் பார்த்தார். "சாமி சிரிச்சிருக்காரே. என்ன கேட்டே? சிரிச்சா மறுபடி கேக்கணும்மா."

"வேண்டாம் அண்ணே" என்றாள் பீ-ஷியா. கட்டைகளை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தாள். "இது போதும்."